இலையும் மருந்தும்: நித்தியகல்யாணியின் வழியே ஒரு வரலாறு

ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி. எவரும் நீரூற்றாத இடுகாட்டு ஓரங்களிலும் தானே முளைத்துச் செழிப்பதால் சுடுகாட்டு மல்லி. ஒரே செடிக்கு மங்கலமாக ஒன்றும் அமங்கலமாக ஒன்றும் என இரு பெயர்களை நம் மக்கள் இட்டு வைத்திருக்கிறார்கள். சங்க இலக்கியத்தில் இச்செடியைத் தேடிப் பயனில்லை. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலிலும் இது இல்லை. இதன் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. கப்பல் வணிகத்தோடு உலகின் வெப்பநாடுகள் அனைத்திலும் பரவி, 1759-இல் லின்னேயஸ் கையால் அறிவியற்பெயரும் பெற்ற பிறகு, அது நம்முடையது போலவே ஆகிவிட்டது.

இச்செடியைப் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. புற்றுநோய் வந்த வீடுகளில் மருத்துவமனைக் கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பையும் இருப்பதைப் பலரும் கண்டிருப்போம். அதில் ஏதோ ஒரு சூரணம், ஒரு லேகியம், அல்லது அழகிய டப்பாவில் அடைத்த மாத்திரைக்குப்பிகள் இருக்கும். மருத்துவர் வரும் நேரத்தில் அந்தப் பை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கேட்டால், "இது வெறும் மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். சற்றுப் படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, "வின்கிரிஸ்டின் என்று ஊசி போடுகிறார்களே, அதுவே நித்தியகல்யாணியிலிருந்து எடுத்ததுதானே? செடியையே அரைத்துக் குடித்தால் என்ன?" என்று கேட்பார்கள். இக்கேள்வியை ஏளனம் செய்வதற்கில்லை. தவிப்பில் பிறந்த கேள்வி அது, தர்க்கமும் உடையது. ஆனால் அதற்குரிய விடை வரலாற்றில்தான் இருக்கிறது. எனவே வரலாற்றுக்கே செல்வோம்.

1952-இல் கனடாவின் மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. அதனுள் 25 இலைகள் இருந்தன. ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்கு இந்த இலையில் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள்; ஆராய்ந்து பார்க்கலாமே என்பது செய்தி. கிளார்க் நோபிளின் இளமைக்கால வரலாறே ஒரு தனிக்கதை. 1921-இல் பேண்டிங்கின் இன்சுலின் ஆய்வில் முதலில் யார் உதவியாளராகச் சேர்வது என்று அவரும் சார்லஸ் பெஸ்டும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததாகவும், அதில் பெஸ்ட் வென்றதாகவும் சொல்வதுண்டு. அந்த நோபிள், இலைகளைத் தம் உடன்பிறந்தாரான ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். ராபர்ட், ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரையில் சொல்லும்படியான மாற்றம் ஏதுமில்லை. ஊசி வழியே செலுத்தினார்கள். சர்க்கரை அப்போதும் அசையவில்லை. ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மடிந்தன. அறுத்துப் பார்த்தபோது உடலெங்கும் சீழ்க்கட்டிகள். சாதாரணமாக எலியின் உடல் எதிர்த்து நின்றுவிடும் கிருமிதான் அவற்றைக் கொன்றிருந்தது. எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் எங்கே போயின என்று தேடியபோது, எலும்பு மச்சையே ஒடுங்கிப்போயிருந்தது தெரிந்தது. வேறொருவராக இருந்திருந்தால், 'நீரிழிவுக்குப் பயனில்லை, நச்சுத்தன்மை உண்டு' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ராபர்ட் நோபிள் எதிர்த்திசையில் எண்ணினார். வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று? பெருக்கத்தை ஒடுக்கும் நஞ்சு, அங்கே மருந்தாகலாம் அல்லவா?

1954-இல் சார்லஸ் பீர் என்னும் வேதியியலாளர் அவருடன் சேர்ந்தார். இலையில் உள்ள எண்ணற்ற சேர்மங்களிலிருந்து அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1958-இல் அவர்கள் அதை உலகுக்கு அறிவித்தார்கள். இன்று அதன் பெயர் வின்பிளாஸ்டின். தற்செயலான ஒரு கவனிப்பு ஆற்றிய பங்கு என்றே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பிட்டிருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆய்வாளர்களிடம் அரிதாகக் காணும் நேர்மை அது. அதே காலத்தில், அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவும் இச்செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. 1963-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது.

இந்த ஆண்டுகளை நம் மண்ணோடு பொருத்திப் பார்ப்பதும் தகும். ஜமைக்காவின் உறை கனடா சென்ற அதே 1952-இல்தான், அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்ட கனவு அது. 1954-இல் நிலையம் திறக்கப்பட்டபோது, இரத்தப் புற்று கண்ட குழந்தைக்கு உலகின் எந்த மருத்துவரிடத்தும் நிலைத்த தீர்வு இல்லை. 1960களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டினை வேறு மூன்று மருந்துகளோடு கூட்டிக் கொடுக்கத் துணிந்த பிறகே நிலைமை திரும்பியது. இன்று வளர்ந்த நாடுகளில், குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றின் முதன்மையான வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்த வெற்றியில் சுடுகாட்டு மல்லிக்குப் பங்குண்டு என்பது மறுக்க முடியாத உண்மை.

அப்படியானால் இலையையே உண்டால் என்ன? எலிகள் முன்பே விடை சொல்லிவிட்டன: வாய்வழிப் போனவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை, ஊசிவழிப் பெற்றவை மாண்டன. அளவையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு அதைப்போலப் பல மடங்கு. மறுபுறம், வளர்ந்த மனிதருக்கு ஒரு வேளைக்குச் செலுத்தும் வின்கிரிஸ்டின் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. தாண்டினால் நரம்புகள் பழுதாகும். இரத்தக் குழாயில் செலுத்த வேண்டியதை முதுகுத்தண்டின் நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். இப்படி மயிரிழை அளவில் நிற்கும் ஒரு பொருளை, நூற்றுக்கும் மேற்பட்ட வேறு அல்கலாய்டுகள் கலந்த ஒரு கைப்பிடி இலையில் தேடுவது, மருந்தையும் பெறாமல் மற்றவற்றின் தொல்லையை மட்டும் வாங்கிக்கொள்வதாகும்.

மேலைநாட்டு அறிவியல் இப்படிச் சொல்லும், நம் மரபோ செடியை நம்பியது என்று சிலர் கூறுவர். நமக்கு இதில் உடன்பாடில்லை. நம் மரபு செடிக்கு அஞ்சியது என்பதே பொருத்தம். சித்த மருத்துவர்கள் புற்றுக்குப் பயன்படுத்திவரும் சேராங்கொட்டையை எடுத்துக்கொள்வோம். வண்ணார் துணியில் அழியாக் குறியிடப் பயன்படுத்திய கொட்டை அது. அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். ஆகவே சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்று நூல்கள் வற்புறுத்துகின்றன. சுத்திக்குப் பிறகு அளவு, அளவுக்குப் பிறகு நெய்யோ தேனோ பாலோ என்று அனுபானம், அதற்குப் பிறகு பத்தியம், மருந்து முடிந்த பின்னும் மறுபத்தியம். இத்தனை வேலிகள் எதற்கு? பொருள் வீரியமுடையது என்று அறிந்தவர்கள்தாம் இத்தனை வேலி போடுவார்கள். (பழைய நூல்களில் 'புற்று' என வருவதெல்லாம் இன்று நுண்ணோக்கியில் கண்டு சொல்லும் நோயையே குறிக்கும் எனக் கொள்வதும் சரியன்று, புற்றைப் போல் புடைத்துப் புண்ணாவன பலவற்றுக்கும் அச்சொல் ஆளப்பட்டிருக்கிறது.)

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்காகப் பகுப்பதை வாசகர்கள் அறிவார்கள்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன். இன்று டப்பாவில் வரும் 'ஹெர்பல் சப்ளிமென்ட்' இந்த நான்கில் இரண்டை உதறிவிட்டது. நோயாளி இருக்கிறார், மருந்து இருக்கிறது; தீர்ப்பவன் இல்லை, உடனிருப்பவனுக்கோ டப்பாவில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சுத்தியும் இல்லை, அனுபானமும் இல்லை, பத்தியமும் இல்லை. மரபின் பெயரைச் சொல்லி விற்கப்படும் இப்பண்டம் மரபின் பிள்ளை அன்று. ஆய்வுக்கூடத்தின் பிள்ளையும் அன்று. வணிகச் சட்டத்தின் பிள்ளை என்றால் பொருந்தும். 1994-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, இத்தகைய துணைப்பண்டங்களை விற்பனைக்குக் கொண்டுவருமுன் அவை பயன்தரும் என்று நிறுவ வேண்டியதில்லை. நோயைத் தீர்க்கும் என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்தியாவிலும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. எனவேதான் டப்பாக்கள் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று பொதுவாகப் பேசுகின்றன. சொல்லாமல் விட்டதை வாங்குபவரின் ஏக்கம் நிரப்பிக்கொள்கிறது.

ஏக்கம் என்றதும் நினைவுக்கு வருவது பி.சி. ஸ்பெஸ் என்னும் பண்டத்தின் வரலாறு. 'பி.சி.' என்பது ஆண்களின் சுக்கிலச் சுரப்பியில் வரும் புற்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 'ஸ்பெஸ்' என்பது இலத்தீனில் நம்பிக்கை. பெயரிலேயே விற்றவனின் சாமர்த்தியம் தெரிகிறது. சீன மூலிகைகள் ஏழும் அமெரிக்கப் பனைவகை ஒன்றும் ஆக எட்டின் கலவை என்று சொல்லி, 1990களின் பிற்பாதியில் கலிபோர்னியாவிலிருந்து விற்றார்கள். வியப்பு என்னவென்றால், அது வேலை செய்தது. நோயாளிகளின் இரத்தத்தில் புற்றின் அளவுகோலாகக் கொள்ளப்படும் புரதம் குறைந்தது. மருத்துவ இதழ்களே அதைக் கவனித்தன. அரசு நிதியில் ஆய்வுகளும் தொடங்கின. ஆனால் அதை உண்ட ஆண்களுக்கு மார்பு வீங்கியது. சிலருக்கு இரத்தம் உறைந்தது. வேறு சிலருக்கு இரத்தம் கசிந்தது. 2002-இல் உண்மை வெளிப்பட்டது. குப்பிகளைச் சோதித்தபோது டை-எதில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண்மை இயக்குநீரும், வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும், இண்டோமெத்தசின் என்ற வலிமருந்தும் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒவ்வோர் அளவு! பண்டம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது; ஆய்வுகள் நின்றன. எட்டு மூலிகைகளில் உண்மையாகவே ஏதேனும் சிறப்பு இருந்ததா என்ற கேள்வியும் அந்தக் கலப்படத்திலேயே புதைந்துபோயிற்று. மூலிகை ஆய்வுக்கு அவர்கள் இழைத்த பெருந்தீங்கு இதுவே என்று நாம் கருதுகிறோம்.

கலப்படம் என்பது ஏமாற்று. ஏமாற்றே இல்லாமல் பெயர்க்குழப்பத்தால் மட்டும் நேர்ந்த கேடும் உண்டு. நிகண்டுகளைப் புரட்டியவர்களுக்கு ஒரு சொல் பல்பொருள் புதியதன்று. தாளிசபத்திரி என்ற பெயரில் ஒரு வட்டாரத்தில் ஒரு மரத்தின் இலையும், வேறொரு வட்டாரத்தில் இமயத்து யூ மரத்தின் இலையும் விற்கப்படுவதுண்டு. (யூ மரக் குடும்பத்திலிருந்தே டாக்சால் என்னும் புற்றுமருந்து பின்னாளில் கிடைத்தது, அம்மரத்தின் இலையோ நச்சு.) 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரித்தால், 'ஃபாங் ஜி' என்ற பெயரில் இரு வேறு செடிகள் உலவுகின்றன. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று சேர்ந்துவிட்டது. சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா இனச் செடி. சில ஆண்டுகளில், சிறுநீரகத்தை இழந்த பெண்களுள் 39 பேரை அறுவைசெய்து பார்த்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் கண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு அச்செய்தி வெளியானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2002-இல் இவ்வினச் செடி கலந்த மருந்துகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனத்தவை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்த முன்னோர் விவரமறிந்தவர்கள்.

நிற்க. கலப்படமும் இல்லை, பெயர்க்குழப்பமும் இல்லை. தூய்மையான, சரியான மூலிகை என்றே கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அதைப் புரிந்துகொள்ள இரினோடெக்கான் என்ற மருந்தின் கதை உதவும். அதன் மூலமான காம்ப்டோதெசினை, சீனத்து மரமொன்றிலிருந்து 1966-இல் அமெரிக்காவின் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றில் அதே பொருள் செறிவாக இருப்பதை 1972-இல் காட்டியவர்கள், முன்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய உடனாய்வாளர் விசுவநாதனும் ஆவர். ஆக இரினோடெக்கானும் செடிவழி வந்த மருந்தே. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பலர் விரும்பி உண்ணும் மூலிகை செயின்ட் ஜான்ஸ் வோர்ட். 2002-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இரினோடெக்கான் பெற்றுவந்த 5 நோயாளிகளுக்கு இம்மூலிகையையும் சேர்த்துக் கொடுத்து அளந்தார்கள். மருந்தின் செயல்படு வடிவம் இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்துபோயிருந்தது. மூலிகை, கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு மருந்தை விரைந்து வெளியேற்றிவிட்டது. ஒரு செடி தந்த மருந்தை வேறொரு செடி பறித்துக்கொண்டது! நோயாளிக்கு வலி ஏதும் தெரியாது, வாந்தியும் வராது. சொல்லப்போனால், மருந்தின் தொல்லைகள் குறைந்ததைக் கண்டு மூலிகை நல்லது செய்வதாகவே அவர் எண்ணக்கூடும். கட்டிலுக்கு அடியில் பையை ஒளிப்பதன் பொருள் இதுதான். மருந்து ஏன் பலிக்கவில்லை என்று மருத்துவர் குழம்பி, வேறு மருந்துக்கு மாறுவார். விடையோ கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

இவ்வளவும் சொன்னதால் மூலிகைகளால் பயனே இல்லை என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். முறையாகச் சோதித்துப் பயன் கண்டவையும் உண்டு. திரிகடுகம், ஏலாதி என மருந்துச் சரக்குகளின் பெயராலேயே நீதிநூல்களை அழைத்த மொழி நம்முடையது; அவ்விரண்டிலும் இடம்பெறும் சுக்கிலிருந்தே தொடங்கலாம். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 576 நோயாளிகளின் விவரங்களை ஒப்பிட்டபோது, வாந்தித்தடுப்பு மருந்தோடு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை இஞ்சிப்பொடியும் பெற்றவர்களுக்கு, வேதிச்சிகிச்சை நாளின் குமட்டல் குறைந்திருந்தது. அமெரிக்க ஜின்செங் வேரை எட்டு வாரம் உண்டவர்களுக்குச் சோர்வு தணிந்ததாக 2013-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இரண்டும் புற்றைக் கரைத்தன என்று யாரும் சொல்லவில்லை. நோயாளியின் நாளைச் சற்று எளிதாக்கின, அவ்வளவே. அந்த 'அவ்வளவே' சிறியதன்று. குமட்டலில் ஒரு வாய்ச் சோறு இறங்காமல் தவித்தவரைக் கேட்டால் தெரியும்.

மஞ்சளின் கதை இன்னும் சிக்கலானது. குழம்பில் இடும் மஞ்சளால் எவருக்கும் தீங்கில்லை. அதன் குர்க்குமின் சோதனைக்குழாயில் புற்றணுக்களை ஒடுக்குவதும் உண்மை. ஆனால் உண்டால் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறுகிறது. ஏறட்டும் என்று மிளகின் பைப்பரினைச் சேர்த்துச் செறிவான மாத்திரைகளாக்கினார்கள். ஏறியது, கூடவே கல்லீரலுக்கும் கேடு வந்தது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். சமையலறையில் பொருளாக இருந்தது, குப்பியில் புகுந்ததும் மருந்தாகிவிடுகிறது. மருந்துக்குரிய காவல் மட்டும் கூட வருவதில்லை.

வேறு சிகிச்சை எதுவும் வேண்டாம், இதுவே போதும் என்று இருந்துவிடுபவர்கள் நிலை என்ன? 1970களில் அமெரிக்காவில் வாதுமை இனத்துக் கொட்டையிலிருந்து எடுத்த லேட்ரில் என்ற பொருளுக்காகப் பெருங்கிளர்ச்சியே நடந்தது. வைட்டமின் என்றுகூடப் பெயர் சூட்டினார்கள். முறையான சோதனையில் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டபோது, எவருக்கும் உருப்படியான நலம் விளையவில்லை. சிலரின் இரத்தத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருந்தது. 2018-இல் யேல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒப்பீடு இன்னும் தெளிவானது. குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்தும் மாற்று முறைகளை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்கு இறப்பு நேரும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். அந்தப் பெண்களுள் பலர் பிழைத்திருக்கக்கூடியவர்கள் என்பதை எண்ணும்போது எழுதும் கை நிற்கிறது.

நித்தியகல்யாணி இன்றும் நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிராகிறது. இலையும் வேரும் உலர்த்தி மூட்டைகளாகக் கட்டப்பட்டு ஆலைகளுக்குச் செல்கின்றன. விளைவிக்கும் உழவர் அதை உண்பதில்லை, மாடும் கடிப்பதில்லை. 2022-இல் ஆய்வாளர்கள், வின்பிளாஸ்டினின் இரு மூலக்கூறுகளையும் ஈஸ்ட் நுண்ணுயிரையே தயாரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய மாற்றுவழி ஏன் வேண்டும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டே சான்று. தயாரிப்பாளர் ஒருவர் விலகிக்கொள்ள, மற்றவரும் தேவையை ஈடுசெய்ய முடியாமல், அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு, இருக்கும் மருந்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று மருத்துவர்கள் கணக்கிட வேண்டியதாயிற்று. அந்த மாதங்களிலும் ஃபுளோரிடாவின் வீட்டுத் தோட்டங்களில் நித்தியகல்யாணி பூத்துக்கொண்டுதான் இருந்தது.